ஏட்டி, பைய!

கொஞ்சம் நகர்ந்து உக்காருதீங்களாம்மா? அந்தத் தூணு எனக்கு வேணும். சாயறதுக்கு இல்லை. மறையறதுக்கு.

ஐயோ, பயப்படாதீங்க, நான் களவாணி இல்லை. என் மக நீந்துதா. இருநூறு மீட்டர் ஃப்ரீஸ்டைல், பைனல். நான் வரக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. கேலரியில உன் தலை தெரிஞ்சா தண்ணியில இறங்க மாட்டேன்னுட்டா. சொன்னா செய்வா, என் வயித்துல பிறந்தவல்லா. அதான் தூணு. அவ முடிச்சுக் கரையேறுற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு வைராக்கியத்தோட வந்திருக்கேன். நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கிடுதேன். இது உங்க பிள்ளையா? இப்பத்தான் நீந்திட்டு வந்துச்சா? தலையை நல்லாத் துவட்டி விடுங்க, சளி பிடிச்சுக்கிடும். என்ன படிக்கா? மூணாப்பா. சரி சரி. என் மக பேரு மதி. முழுப்பேரு காந்திமதி. பாளையங்கோட்டையில இருந்து வாரோம். வாரோம்னா, அவ கோச்சோட ரயில்ல வந்துட்டா. நான் பின்னாடியே பஸ்ஸப் பிடிச்சு வந்தேன், அவளுக்குத் தெரியாம.

அந்தா பாருங்க, குளத்துச் சுவத்துல மஞ்சளா ஒரு பலகை தொங்குதுல்லா, லேனுக்கு ஒண்ணு? டச் பேட்னு பேரு. அதுல இருந்து வயரு போயி, அந்த மேஜைக் கம்ப்யூட்டருக்குப் போயி, அங்க இருந்து மேல அந்தப் பெரிய போர்டுக்குப் போகுது. பிள்ளைங்க வந்து பலகையைத் தொட்டா நேரம் நின்னுரும். யாரு முன்னாடி, யாரு பின்னாடின்னு மனுசன் சொல்ல வேண்டாம், அதுவே சொல்லிருமாம். சொல்லிக்கிடுதாங்க. என் மக தலையில மண்ணள்ளிப் போட்டது அதுதான். இப்ப எப்படி ஒண்ணும் தெரியாத அப்பிராணி மாதிரி தொங்குது பாருங்க.

போன வருசம், இதே குளம், இதே இருநூறு மீட்டர். முதல் ரெண்டு பேருக்குத்தான் நேஷனல்ஸ். மூணாவது வந்தா ஒரு வெண்கலத்தைக் கழுத்துல மாட்டி, கையைக் குலுக்கி, போயிட்டு வாம்மான்னு அனுப்பிருவாங்க. மதி மூணாவது. எவ்வளவுல போச்சுங்கிறீங்க? ஒரு செகண்டை நூறு கூறாப் போட்டு, அதுல ஒரு கூறு. கொத்தமல்லி விக்கிறவகூட அவ்வளவு சின்னக் கூறு போட மாட்டா.

நான் என் கண்ணால பாத்தேன். போன்லயும் எடுத்தேன். என் மக கை முதல்ல போயிருச்சு. விரலு அந்த மஞ்சப் பலகையில பட்டிருச்சு. பக்கத்து லேன் மெட்ராஸ் பிள்ளைக்குக் கை அப்பத்தான் வந்துக்கிட்டு இருக்கு. வந்தவ பொத்துன்னு ஒரு அறை அறைஞ்சா பாருங்க, பலகை பேந்து கையோட வந்துரும்னு நினைச்சேன். நிமிந்து போர்டைப் பாத்தா, அறைஞ்சவ ரெண்டாவது, தொட்டவ மூணாவது. இது எந்த ஊரு நியாயம்?

விடுவேனா நான்? இறங்கிப் போயிட்டேன். செருப்பு போட்டுக்கிட்டு வரக் கூடாதுன்னு ஒருத்தன் கத்துதான். சட்டம்னா சட்டம்தானேன்னு செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டுப் போனேன். அவங்களுக்கு அது வேற மாதிரி தெரிஞ்சிருக்கு போல. ரெண்டு பேரு எந்திரிச்சு ஒதுங்கிட்டாங்க.

மேஜையில வெள்ளை டீ-சர்ட் போட்ட பெரியவர் ஒருத்தர். இன்னைக்கும் அவருதான், அந்தா, கழுத்துல விசில் தொங்குதுல்லா. போனைக் காட்டினேன். பொறுமையாத்தான் பாத்தாரு. பாத்துட்டு, "அம்மா, கை முதல்ல போனது வாஸ்தவம்தான். ஆனா பட்டா மட்டும் பத்தாது, அமுக்கணும். குளத்துல அலை அடிக்குது இல்ல, அலை பட்டதுக்கெல்லாம் நேரம் நின்னா என்ன ஆவுறது? அதனால பலமா அடிச்சாத்தான் எடுக்கும். உங்க பொண்ணு தடவுது"ன்னாரு.

தடவுதாம்! என் மக!

"அறைஞ்சுக்கிட்டு வாரவளுக்கு நேஷனல்ஸ், மரியாதையாத் தொட்டவளுக்கு ஒண்ணுமில்லையா சார்?"னு கேட்டேன். "அடிக்கத்தாம்மா வச்சிருக்கு"ன்னாரு. நீங்களே சொல்லுங்க. அவ்வளவு காசு போட்டு வாங்கின சாமான், வயரு எல்லாம் கட்டி, கம்ப்யூட்டரு எல்லாம் வச்சு. அதைப் போயி அடிக்கவா வச்சிருப்பாங்க?

சரி, நானே சோதிச்சுப் பாக்கேன்னு, குளத்து ஓரத்துல குத்தவச்சு உக்காந்து, கையை நீட்டி, அந்தப் பலகையைத் தொட்டேன். போர்டு அசையலை. "எல்லாரும் பாத்துக்கோங்க, மிஷின் வேலை செய்யலை"ன்னேன். வயரு பாக்கிற தம்பி, "ஆண்ட்டி, ஓங்கி ஒண்ணு போடுங்க"ங்கான். ஊரான் வீட்டுச் சாமானை நான் எதுக்கு ஓங்கி அடிக்கணும்? அன்னைக்கு வந்ததுமே மதியை அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிடச் சொன்னவ நான். திரும்புறப்ப அதைக் காலால உதைக்கப் போறால்லா, முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுரணும்ல. புஸ்தகத்துல கால் பட்டா செய்ய மாட்டோமா, அது மாதிரி. அவளும் செஞ்சா. நான் சொன்னா உடனே செய்வா, அப்பல்லாம்.

நான் அங்க குத்தவச்சு நியாயம் பேசிக்கிட்டு இருக்கேன், இவ தலையில துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, சுவத்தைப் பாத்துத் திரும்பி நிக்கா. தோத்த துக்கம்னு நினைச்சேன். பஸ்ஸுல ஊர் வார வரைக்கும் ஜன்னலைப் பாத்துக்கிட்டே வந்தா. திருச்சி தாண்டினப்புறம் ஒரே ஒரு வார்த்தை சொன்னா. "இனிமே நீ வராத." துக்கத்துல ஏதோ பேசுதான்னு நான் பெருசா எடுத்துக்கிடலை.

எங்க வீட்டைப் பத்திச் சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும். எங்க வீட்டுக்காரரு கரண்ட் ஆபீஸு. சப்ஸ்டேஷன்ல ஷிப்ட் வேலை. முக்கால்வாசி நாளு பகல்லதான் தூங்குவாக. ஒத்தை ரூம் வீடு. நடுவுல ஒரு சேலையைக் கட்டி மறைச்சிருக்கோம், அந்தப் பக்கம் அவுக, இந்தப் பக்கம் நாங்க. கைப்பிள்ளையா இருக்கும்போதே மதி காதுல அதிகம் விழுந்தது ஒரே வார்த்தைதான். பைய. பையன் இல்லைம்மா, பைய. மெதுவான்னு அர்த்தம். எங்க ஊருப் பேச்சு, மெட்ராஸுல ஒருத்தருக்கும் விளங்காது. ஏட்டி, பைய, அப்பா தூங்குதாக. டம்ளரைப் பைய வை. கதவைப் பையச் சாத்து. பைய நட. பையச் சிரி. நல்ல பிள்ளை, கப்புன்னு பிடிச்சுக்கிட்டா. அவ பாத்திரம் கழுவினா எனக்கே சத்தம் கேக்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்துட்டாளான்னு திரும்பிப் பாத்தா, எப்பவோ வந்து பின்னாடி நிப்பா. விருந்தாளி எல்லாம், வீட்டுல பிள்ளை இருக்கிற இடமே தெரியலையேம்பாங்க. எனக்கு மனசு குளுந்துரும். எங்க வீட்டுல சத்தமே கிடையாதும்மா. நான் மட்டும்தான் பேசுவேன்.

உங்க பிள்ளை டிபன் டப்பாவைப் படக்குன்னு மூடுதே, இப்பவே சொல்லிக் குடுங்க. வளந்துட்டா வளையாது.

நீச்சல்ல சேத்ததே அதுக்குத்தான். முழுப்பரீச்சை லீவு, வீட்டுல இருந்தா ஏதாவது ஒரு சத்தம் வரும். தண்ணிக்குள்ள போயிட்டா யாரும் பேச முடியாதுல்லா. அப்படிச் சேத்தது இப்படி நீந்தும்னு யாரு கண்டா? முதல் நாளு கரையேறி வாரா, முகத்துல ஒரு சிரிப்பு. அப்படி அவ சிரிச்சு நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லை. அதைப் பாக்கத்தான் பொழுதுக்கும் போயிக் குளத்தாங்கரையில உக்காந்திருந்தேன். வேற என்ன வேலை எனக்கு?

எங்க ஊர்க் குளத்துல இந்தப் பலகை, கிலகை எல்லாம் கிடையாது. கோச் ஜெபராஜ் சார் கரையில நின்னு, கை படுறதைக் கண்ணால பாத்து வாட்சை அமுக்குவாரு. இவ எவ்வளவு பையத் தொட்டாலும் அவரு கண்ணுக்குத் தெரிஞ்சுரும். மனுசன்லா. மிஷினுக்கு ஏது கண்ணு?

அந்த சார் நல்ல மனுசன்தான். ஆனா போன வருசம் இங்க இருந்து போனப்புறம் அவருக்கும் ஏதோ ஆயிருச்சு. ஒருநாளு விசேசத்துக்கு வெத்தலை பாக்கு வைக்கணும்னு பரண்ல தாம்பாளத்தைத் தேடுதேன், காணோம். எங்க அம்மா எனக்குச் சீரா வச்ச பித்தளைத் தாம்பாளம். வீட்டைப் புரட்டிப் போட்டுட்டேன். கடைசியில எங்க இருக்குங்கிறீங்க? குளத்துல! மதி எடுத்துட்டுப் போயிக் குடுத்திருக்கா. அதைச் சுவத்துல கட்டித் தொங்கவிட்டிருக்காங்க, இந்த மஞ்சப் பலகைக்குப் பதிலா. சாரு குளத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாராம். டங்குன்னு சத்தம் கேட்டாத்தான் வாட்சை நிறுத்துவாராம்.

முதல் நாளு இவ நீந்தி வந்து தொட்டுட்டு நிக்கா, அவரு திரும்பவே இல்லையாம். "சார், வந்துட்டேன்"னாளாம். "எனக்குக் கேக்கலையே"ன்னாராம். திரும்ப நீந்தி, திரும்பத் தொட்டு, அப்பவும் கேக்கலையாம். பொழுது இருட்டுற வரைக்கும் கேக்கலையாம். என்ன வம்பு பாருங்க. பிள்ளை அழுதுட்டா. அழுதுக்கிட்டே வந்து ஒரு அடி அடிச்சிருக்கா. அன்னைக்கு விழுந்தது முதல் நசுங்கல். இப்ப அந்தத் தாம்பாளத்தை நீங்க பாக்கணுமே, அம்மை போட்ட முகம் மாதிரி ஆயிருச்சு. சண்டைக்குப் போனேன். "உங்க மககிட்ட இருந்து ஒரு சத்தம் வாங்குறதுக்குள்ள எனக்கு உயிரு போயிட்டு, அக்கா"ன்னு சொல்லிச் சிரிக்காரு. பித்தளை விக்கிற விலையில சிரிப்பு வேற.

அதுல இருந்து வீட்டுலயும் பிள்ளை ஒரு மாதிரி ஆயிட்டா. டம்ளரை டொக்குன்னு வைக்கா. கூப்பிட்டா "என்ன"ங்கா. முன்னெல்லாம் கூப்பிட்டா வந்து நிப்பா, அவ்வளவுதான். நான் சேர்மானம் சரியில்லைன்னு நினைச்சேன். குளத்துக்கு ஒரு தூத்துக்குடிப் பிள்ளை புதுசா வருது, அதா இருக்கும்.

நேத்து அவ கிளம்பும்போது நானும் ஒரு சேலையை எடுத்து வச்சேன். பாத்துட்டா. "நீ எங்க கிளம்புத?"ன்னா. "உன்கூடத்தான். இந்தத் தடவை மிஷினை முதல்லயே சோதிச்சுப் பாக்கச் சொல்லணும்லா"ன்னேன். அவ்வளவுதாம்மா சொன்னேன். தோள்ல போட்ட பேக்கைத் தொப்புன்னு கீழ போட்டா.

"மிஷின் சரியாத்தான் இருந்துச்சு. எனக்குத்தாம்மா அடிக்கத் தெரியலை. எதையுமே எனக்கு அடிக்கத் தெரியலை. இந்தத் தடவை ரெண்டுக்குள்ள வரலைன்னா நீச்சலை விட்டுருதேன், போதும். அதை வேடிக்கை பாக்க நீ வராத. வந்தேன்னா நான் இறங்கவே மாட்டேன்." இவ்வளவும் ஒரே மூச்சுல. அவ்வளவு பேசி நான் கேட்டதே கிடையாது. பேசிட்டு, பேக்கை எடுத்துக்கிட்டு, கதவைப் படார்னு சாத்திட்டுப் போயிட்டா.

படார்னு! எங்க வீட்டுக் கதவை! நாதாங்கி கழண்டு கீழ விழுந்துருச்சு. சேலைக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கிட்டு இருந்தவுக எந்திரிச்சு வந்துட்டாக. "யாரு?"ன்னாக. "உங்க மகதான்"னேன். "மதியா?"ன்னாக. கழண்டு விழுந்த நாதாங்கியை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாக. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. தூக்கக் கலக்கமா இருக்கும். "நீ போ, நான் கதவைப் பாத்துக்கிடுதேன்"னாக. அதான் கிளம்பி வந்துட்டேன்.

மிஷின் மேல தப்பில்லைன்னு அவளே சொல்லுதா, பாத்தீங்களா. பிள்ளை மனசு அப்படி. யாரையும் குத்தம் சொல்லத் தெரியாது. ஆனா நீச்சலை விட்டுருதேன்னு சொன்னாள்லா, அதுதான் நேத்துல இருந்து எனக்கு நெஞ்சுல கல்லு மாதிரி கிடக்கு. விட்டுட்டா அந்தச் சிரிப்புக்கு நான் எங்க போவேன்? வீட்டுல அவ சிரிக்க மாட்டாம்மா.

ஐயோ, விசில் அடிச்சாச்சு. வந்துட்டாங்களா? எனக்குத் தூணு மறைக்குது, நீங்க பாத்துச் சொல்லுங்க. அஞ்சாவது லேன், நீலத் தொப்பி, ஒல்லியா இருப்பா. நாலாவது லேன்ல யாரு? சிவப்புத் தொப்பியா? அவதான், அந்த மெட்ராஸ் பிள்ளை. அறையுறவ. மதி இங்கிட்டுப் பாத்தாளா? இல்லையா? நல்லது. பாக்க வேண்டாம். நான் பேச மாட்டேன். இனி வாயைத் திறக்கவே மாட்டேன்.

குதிச்சாச்சா? சரி. எப்படிப் போறா? அஞ்சாவதா? அது அப்படித்தான், முதல்ல பையத்தான் போவா. உங்களுக்கு அவளைத் தெரியாது. எதிர்ச் சுவத்துல திரும்பிட்டாங்களா? இங்க வாராங்களா? பலகையை உதைச்சுத் திரும்பினாளா? மனசுக்குள்ள மன்னிப்புக் கேட்டிருப்பா, நான் சொல்லிக் குடுத்திருக்கேன். இப்ப எத்தனாவது? நாலாவதா? ஒருத்தி ரொம்ப முன்னாடி போயிட்டாளா? போகட்டும், அவ போகட்டும், நமக்கு ரெண்டு போதும். ஏம்மா, நீங்க சொல்லுறதை நிறுத்தாதீங்க. மூணாவதா? கடைசித் திருப்பமா? சிவப்புத் தொப்பி எங்க? முன்னாடியா? எவ்வளவு முன்னாடி? ஒரு கை நீளமா? ஏன் கத்துதீங்க, பைய. சேந்து வாராங்களா? ரெண்டு பேருமா? முருகா. தொட்டுருட்டி. தொட்டுரு. தொட்டுரு.

ஏட்டி, பைய!

ஐயையோ. நானா கத்தினேன்? வாய் தன்னால வந்துருச்சும்மா. நீங்களும் கேட்டீங்கள்லா, என்னா சத்தம், படார்னு! நேத்து கதவுல கேட்ட அதே சத்தம். சத்தம் கேட்டா வாய் தானாச் சொல்லிரும், நான் என்ன செய்ய? எல்லாரும் திரும்பிப் பாக்காங்க. எந்திரிச்சு வேற நின்னுட்டேன், தூணை விட்டு வெளிய வந்துட்டேன். பாத்துட்டா. கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு என்னையே பாக்கா. மெட்ராஸுல "பைய"ன்னு கத்த வேற யாரு இருக்கா? ஏட்டி, என்னை எதுக்குப் பாக்க, போர்டைப் பாரு!

என்ன போட்டிருக்கு? எனக்குக் கண்ணு கலங்கிட்டு, எழுத்து தெரியலை. ரெண்டாவதா? யாரு ரெண்டாவது? அஞ்சாவது லேனா? திரும்பச் சொல்லுங்க. எவ்வளவுல? ஒரு கூறா? அதே ஒரு கூறா?

பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்லா. மிஷினைச் சரி பண்ணிட்டாங்க.

பாவம், அந்தச் சிவப்புத் தொப்பி முகத்தைப் பாருங்க. அது அம்மா எங்க உக்காந்திருக்கோ.

இவ இன்னும் ஏறாம என்ன செய்யுதா? கோவமா இருக்காளோ? என்னைப் பாத்துக்கிட்டே கையை ஓங்குதா பாருங்க. ஏட்டி, ஏட்டி... அடிச்சிட்டா. பாத்தீங்களா திமிரை? என்னைப் பாத்துக்கிட்டே அடிக்கா. திரும்பவும். அந்தா, வெள்ளை டீ-சர்ட்டு ஓடி வாராரு, போதும்மா போதும்மான்னு விரலை ஆட்டிக்கிட்டு.

சார்! ஓ சார்! பிள்ளையை எதுக்கு அதட்டுதீங்க? அடிக்கட்டும் சார்! அடிக்கத்தான வச்சிருக்கு!

சிரிக்கா, பாருங்க. பல்லு அத்தனையும் தெரியுது. சத்தம் போட்டுச் சிரிக்கா, இங்க வரைக்கும் கேக்குது.

இருங்க, அவுகளுக்கு ஒரு போன் போடுதேன். தூங்குவாக. பரவாயில்லை, எந்திரிக்கட்டும். ஆசாரியைக் கூப்பிட்டு அந்த நாதாங்கியை மாட்டி வைக்கச் சொல்லணும்.

இல்லை, வேண்டாம். வீட்டுக்கு வந்து இன்னும் ரெண்டு தடவை சாத்துவாள்லா. மொத்தமாப் பாத்துக்கிடலாம்.